எங்கள் கூட்டத்தார் அல்ல

ஒரு குடும்பத்துக்குத் தன் கூட்டம் எது என்று தெரியாமல் போனால், குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியையும் பெரியவர்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விதி அவ்வளவுதான். குலதெய்வம் எது என்றும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு விதியில் இடம் இல்லை. விதி செய்தவர்களுக்கு அப்படியும் ஒருவன் பிறப்பான் என்று தோன்றவில்லை. சர்க்கார் விதிகளும் இந்த மாதிரிதான். தாலுக்கா ஆபீசில் அவற்றோடு ஆயுசைக் கழித்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் எங்கள் சாதியார் பல கூட்டங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரே கூட்டத்தார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தம்பிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. மற்றக் கூட்டத்தார் எல்லாரும் மாமன் மச்சான். ஆகவே கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி பெண்ணின் நிறம் பற்றியதல்ல, எந்தக் கூட்டம் என்பதுதான். அதற்குப் பதில் இல்லாவிட்டால் இரண்டாவது கேள்விக்கு யாரும் போகமாட்டார்கள். என் சொந்தக் கூட்டத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திருத்தம் வரும்.

நான் பென்ஷன் வாங்கிய வருஷத்தில் எங்கள் கூட்டத்தின் வம்சாவளியைத் தொகுக்க ஆரம்பித்தேன். மேட்டூர் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் எங்கள் பங்காளிகள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் எடப்பாடி, ஜலகண்டாபுரம், பவானி என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இவர்களையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவந்து, அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று அனுப்புவது என் உத்தேசம். யாரும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் பலபேர் சொன்னார்கள். அதில் முதல் ஆள் என் மனைவி. "ஊரெல்லாம் யாருக்கு யாரு பொறந்தாங்கன்னு தெரியுது. ஊட்ல உப்பு இல்லாதது தெரியறதில்ல" என்றாள்.

பதில் கார்டு என்று தபாலாபீசில் ஒன்று விற்றார்கள். இரண்டு கார்டு சேர்ந்திருக்கும். பெறுபவர் ஒரு பாதியைக் கிழித்து நமக்குப் பதில் எழுதிப் போட வேண்டும். அதை நிறைய வாங்கி எல்லாருக்கும் அனுப்பினேன். எங்கள் பங்காளிகள் பதில் பாதியைப் பத்திரமாக எடுத்துவைத்து, மேல்விலாசத்தை அடித்துவிட்டுத் தங்கள் மருமகன்களுக்கு எழுதிக்கொண்டார்கள்.

ஜலகண்டாபுரத்துப் பங்காளி ஒருவருக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. சலித்துப்போய், 'தாங்கள் சந்ததி இன்றிக் காலமானதாகப் பதிவு செய்துகொள்கிறேன். ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்' என்று நாலாவது கார்டு போட்டேன். அந்த வாரமே அவர் வண்டி கட்டிக்கொண்டு, மகன்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறங்கினார். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. பட்டா மாற்றத்தில் நாங்கள் செய்வதும் அதுதான். யாருடையது என்று கேட்டால் ஊர் வாயைத் திறக்காது. இன்னாருடையது, ஆட்சேபணை உண்டா என்று கேட்டால்தான் பேசும். அதற்குப் பிறகு நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. தப்பாக எழுதி அனுப்பினேன். வம்சாவளி மளமளவென்று வளர்ந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் காலை ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து வாசலில் நின்றார். எடப்பாடிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு தோட்டத்தை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுத்து உழுகிறவர். வந்தவர் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தார். பங்காளி என்றால் அண்ணா என்று கூப்பிட வேண்டும், வேறு கூட்டம் என்றால் மச்சான் என்று கூப்பிட வேண்டும். இரண்டில் எது என்று தெரியாததுதான் அவர் வந்த காரணமே.

"ஏனுங்க," என்றார் கடைசியில். "நாங்க எந்தக் கூட்டம்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவருடைய அப்பா தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றவர்களை வழியில் இழந்த குழந்தை. ஆத்தூர்ப் பக்கம் யாரோ ஒரு குடியானவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் வளர்ந்திருக்கிறார். சாதி தெரியும். கூட்டம் தெரியாது. குலசாமியைப் பற்றி அவருக்கு நினைவிருந்ததெல்லாம் ஆற்றோரக் கோயில், மண் குதிரை, கறுப்புக் கிடாய். காவிரியின் இரண்டு கரையிலும் இந்த மூன்றும் இல்லாத கோயிலை நான் பார்த்ததில்லை. வந்தவருக்கு எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்டேன். பெண்டாட்டியும் அதே மாதிரி விசாரிக்க ஆளில்லாத குடும்பமாம். இரண்டு பக்கமும் கேள்வி இல்லாததால் காரியம் சுலபமாக முடிந்துவிட்டது.

மகளுக்கு அந்தச் சுலபம் கிடைக்கவில்லை. ஒரே மகள். வந்த வரன்கள் எல்லாம் முதல் கேள்வியிலேயே திரும்பிப் போய்விட்டன.

என்னிடம் ஒரு முறை இருந்தது. அக்கம்பக்கத்துக் கூட்டங்களின் கோயில் பெரியவர்களுக்கெல்லாம், 'இக்குடும்பத்தார் தங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எனக் கருத இடமுண்டு. ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்' என்று எழுதினேன். முதலில் என் சொந்தக் கூட்டத்திலேயே கேட்டேன். மூத்த பங்காளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இருக்கறவங்களுக்கே கெடாக்கறி பத்தறதில்ல" என்றார். மற்ற இடங்களிலிருந்தும் மறுப்பு வந்தது. சிலது அடுத்த தபாலிலேயே வந்தது. ஒவ்வொரு கார்டையும் நான் வாசிக்க வாசிக்க அந்த மனிதர் தலை குனிந்துகொண்டே போனார். ஐம்பது வருஷமாக யாருக்கும் வேண்டாதவராக இருந்தார். இப்போது அதற்கு எழுத்து மூலமான ஆதாரம் கிடைத்துவிட்டது.

அன்றைக்கு மகளும் கூட வந்திருந்தாள். மாடுகளை ஓட்டிப் பழகிய பெண், குரல் கொஞ்சம் கனம். "நம்மள வேண்டாங்கறதுக்கு இத்தன கார்டு போட்டுக் கேக்கோணுமாப்பா? சும்மா ஊட்ல உக்காந்திருந்தாலே சொல்லுவாங்களே" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் முன்னால் வைத்தேன். ஒரு கூட்டம் இவர்கள் எங்களவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கூட்டத்துக்கு இவர்கள் பங்காளி இல்லை என்று ஆகிறது. பங்காளி இல்லை என்றால் பெண் கொடுக்கலாம். அவர் கூட்டம் எது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாப்பிள்ளையின் கூட்டம் இவர்களை மறுத்தால் போதும். இங்கே இருப்பதெல்லாம் மறுப்பு அல்ல, அனுமதி.

அவர் கார்டுக் கட்டை இரண்டு கையாலும் எடுத்தார். பிறகு, "அப்படின்னா நீங்க எனக்கு மச்சானுங்க" என்றார். முதல் தடவையாக என்னை உறவுமுறை வைத்துக் கூப்பிட்டார். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மச்சானுக்கு மோர் கொண்டுவந்தாள்.

பிறகு வரன் வந்தது. குமாரபாளையத்துக்குத் தெற்கே தோட்டங்காடு உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா இவரிடம் காளை பார்க்க வந்தவர், கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். இரண்டு மாட்டைப் பின்னோக்கி நடத்தியே மேட்டுக்கு ஏற்றத் தெரிந்தவள் தன் வீட்டில் இருப்பவர்களையும் சமாளிப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். காளையை வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தங்கள் கூட்டத்துப் பெரியவர் இவர்கள் எங்களவர் அல்ல என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் தை முடிவதற்குள். பையனின் தாய்மாமன் வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள். தை தாண்டினால் அங்கே பேசிவிடுவார்கள்.

எல்லாக் கூட்டமும் பதில் போட்டிருந்தது, அந்த ஒரு கூட்டத்தைத் தவிர. கார்த்திகையில் நினைவூட்டினேன். மார்கழியில் மறுபடியும் நினைவூட்டினேன். பதில் இல்லை. தை பிறந்ததும் பெண்ணின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே புறப்பட்டேன். பெட்ரோல் இல்லாத காலம். கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ், ஏற்றத்தில் நின்று எங்களை இறங்கச் சொல்லியது. இறங்கித் தள்ளினோம்.

பெரியவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கார்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன என்றார். ஏன் பதில் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அவர்கள் கோயில் இரண்டு கூட்டத்துக்குப் பொதுக் கோயில். எந்தக் கூட்டத்துக்குத் தலைக்கட்டு அதிகமோ, அதாவது குடும்பங்கள் அதிகமோ, திருவிழாவில் அதற்கே முதல் மரியாதை. எதிர்க் கூட்டம் ஒரு தலைக்கட்டு முன்னால் நின்றது. ஆகவே வருகிற குடும்பத்தை எடுத்த எடுப்பில் இல்லை என்று தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை.

"யோசிச்சுப் பாத்தா, நம்ம ஆளா இருந்தாலும் இருப்பாங்க மச்சான்," என்று என்னிடம் சொன்னார். பிறகு கூட வந்தவரைக் கிட்ட வரச்சொல்லி முகத்தை உற்றுப் பார்த்தார். "இந்த மூக்கு எங்க பெரியப்பன் மூக்குங்க. அப்படியே உரிச்சு வெச்சிருக்குது. வா சாமி, இப்படி வந்து உக்காரு."

அந்த மனிதர் உட்காரவில்லை. ஆயுசு முழுக்க யாராவது ஒருவர் இதைச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தவர். கடைசியில் சொன்னது, சொல்லவே கூடாத ஒரே இடம். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பெரியவர் திருவிழாவுக்குள் யோசித்து எழுதுவதாகச் சொல்லிவிட்டு எங்களுக்குக் கடலைக்காய் வறுத்துக் கொடுக்கச் சொன்னார். திருவிழா பங்குனியில்.

திரும்பும்போது பஸ் நின்ற இடத்தில் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம். டிரைவர் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா மடியிலிருந்து கடலைக்காய் ஒன்றை எடுத்தார்.

"நெசமாவே அவிங்க ஆளா இருந்தா என்னங்க மச்சான் ஆவறது?"

"நிஜமா இருந்தா உங்களுக்குக் கோயில் உண்டு. கல்யாணம் கிடையாது."

"இல்லைன்னா?"

"கல்யாணம் உண்டு. கோயில் கிடையாது."

நிஜம் எது என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஒரு குடும்பம் எந்தக் கூட்டம் என்பதற்கு அந்தக் கூட்டத்தின் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சியம் எங்கள் வழக்கத்தில் கிடையாது. அதையும் அவருக்குச் சொன்னேன். அவர் கையிலிருந்த கடலைக்காயை உரிக்காமலே வைத்திருந்தார்.

"எனக்குக் கோயில் இல்லாமயே இத்தன வருசம் ஓடிருச்சுங்க," என்றார். "புள்ளைக்குப் பாருங்க."

மறுநாள் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கார்டு அல்ல, உறையில் போட்டு, நல்ல தாளில். 'தாங்கள் நேரில் தெரிவித்த மூக்கு ஒற்றுமையை மிக முக்கியமான சாட்சியமாகக் கருதுகிறேன். தங்கள் பெரியப்பனார் மூத்த வழி. அவர் ஜாடையில் இருப்பதால் இக்குடும்பமும் மூத்த வழியாகவே இருக்கலாம். மூத்த வழிக்காரர் கிடைத்துவிட்டபடியால், கோயிலில் கூட்டத்தின் சார்பாக நின்று மரியாதை பெறும் உரிமை இனி அவருக்கு உரியது என்று கொள்ள இடமிருக்கிறது. ஆட்சேபணை வராவிட்டால் அவ்வாறே அச்சிட்டு, பொதுக் கோயிலின் எதிர்க் கூட்டத்தார் உட்பட எல்லாருக்கும் அனுப்பிவைக்கப்படும்.'

இதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. இருக்கலாம் என்றும் இடமிருக்கிறது என்றும் எழுதியே சர்க்காரில் எங்களில் பலர் பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தோம். மனைவி மட்டும் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "பாவம், அந்த மனுசன் மூக்கையே அறுத்துக்கப் போறார்" என்றாள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பெண்ணின் அப்பா தினமும் தபால் வரும் நேரத்துக்கு வந்து வேலியோரம் நிற்பார். தபால்காரர் கையை விரித்தால் திரும்பிப் போவார். ஒரு நாள் மகள் மட்டும் வந்தாள். பையனின் தாய்மாமன் வீட்டில் நிச்சயத்துக்கென்று பூ வாங்கி வைத்துவிட்டார்களாம், சும்மா வைத்திருக்கிறார்களாம் என்று சொன்னாள். "பூ வாடறதுக்குள்ள உங்க கார்டு வருமுங்களா மாமா?" என்று கேட்டாள். தபால் இலாகாவின் விதிகளை அவளுக்கு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப வராதுங்க" என்று போய்விட்டாள்.

கார்டு வந்தபோது இருவரும் இருந்தார்கள். நான் சத்தமாக வாசித்தேன். மேற்படி குடும்பத்தாருக்கும் தங்கள் கூட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தன் பெரியப்பனுக்கு அப்படிப்பட்ட மூக்கும் இல்லை. இதற்கு மாறாக எதையும் அச்சிட்டால் பஞ்சாயத்துக் கூட்டப்படும். கீழே பெரியவர் கையெழுத்து. அதற்குக் கீழே, சந்தேகம் வராமல் இருக்க, அவர் தம்பிமார் இருவரின் கைநாட்டு. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் பத்திரம்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்த மகள், வாசல் தாண்டியதும் ஓடினாள்.

அப்பா மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஒட்டும் இல்லையாமுங்களா," என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. வலது கையை மேலே கொண்டுபோய் மெதுவாகத் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

கல்யாணம் மாசியில் நடந்தது. பெரியவரும் வந்து, மாப்பிள்ளையின் பங்காளி என்ற முறையில் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணின் அப்பாவை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்டுச் சாப்பிட்டார். எங்கள் வம்சாவளி அதற்கு அடுத்த வருஷம் அச்சாகிப் பங்காளிகளுக்குப் போனது. திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு அதில் இடம் இல்லை, விதிப்படி இருக்கவும் கூடாது. அவர்களைப் பற்றிய தஸ்தாவேஜுகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அந்தக் கார்டு. அதன் மூலையில், ஆபீஸ் வழக்கப்படி, சிவப்பு மையில் என் குறிப்பு: 'மறுப்பு வரப்பெற்றது, தை மாதம் இருபத்தேழாம் தேதி.'