பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே போகாது

எங்கள் தொடக்கப் பள்ளிக்கு டேப்லெட் வந்தபோது நான் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் எங்கள் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ அங்கேதான் வேலை. டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் அவரவர் மூக்கை அவரவரே படம் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிட்டேன். சிரிப்பு அடங்கியதும், சூழ்நிலையியல் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"உங்க வூட்டுப் பக்கத்துல உசிரோட இருக்குற ஏதாவது ஒண்ணு. முழுப் பரீட்சை வரைக்கும் அதையே பாருங்க. என்ன பண்ணுது, எங்க போவுதுன்னு வந்து சொல்லுங்க. நாம அதைப் படம் எடுப்போம்" என்றேன்.

ஒருவன் தெருநாயைச் சொன்னான். இன்னொருத்திக்கு முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி. கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எதைக் கேட்டாலும் முதலில் ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அப்பா சூளையில் வேலை செய்தார். அம்மா பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர். கம்பெனிக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது.

"பச்சைக் குருவி டீச்சர். மண்ணுக்குள்ள இருக்குது" என்றாள் அவள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அன்று மாலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவளோடு போய்ப் பார்த்தேன். கம்பெனி முற்றத்தில் களிமண்ணை மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். மழையும் வெயிலும் பட்டுப் பதமாகட்டும் என்று போட்டது. வெட்டி எடுத்த பக்கம் சுவர் போல நின்றது. அதில் ஒரு ஓட்டை, என் கைவிரல்களைக் குவித்தால் நுழையும் அளவுக்கு. கரண்ட் கம்பியில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருந்தன. பச்சை உடம்பு, கண்ணருகே மை இட்டது போல ஒரு கோடு, வாலில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இறகு. டேப்லெட்டில் படத்தைப் போட்டுத் தேடினோம். பஞ்சுருட்டான் என்று வந்தது.

வெகுநேரம் நின்றோம். ஒன்றின் வாயில் தும்பி இருந்தது. அது கம்பியை விட்டு நகரவே இல்லை.

"நாம பாத்துக்கிட்டு இருந்தா உள்ள போவாது டீச்சர். நாம எங்க பாக்குறோம்னு அதுக்குத் தெரியுது. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, போவும்" என்றாள்.

திரும்பினேன். அவள் சொன்னது சரி.

அப்புறம் படம் எடுப்பதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். டேப்லெட்டைச் செங்கலுக்கு நடுவில் செருகி, மேலே சாக்கைப் போட்டு, பதிவை ஓடவிட்டு நாங்கள் டீக்கடைப் பக்கம் போய்விடுவோம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் அதில் இருக்கும். பறவை வரும், தும்பியைக் கம்பியில் அடித்துக் கொல்லும், சரேலென்று ஓட்டைக்குள் நுழையும், வெறும் வாயோடு வெளியே வரும். ஒரு நாள் பதிவில் சத்தம் மட்டும் கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள். அவள் டேப்லெட்டைக் காதோடு வைத்துக்கொண்டு, "குஞ்சு பொரிச்சிடுச்சி" என்றாள். வகுப்பு முழுக்க அதை வரிசையில் நின்று கேட்டது. தேவையில்லாத இடங்களை வெட்டி ஒட்டிச் சின்னப் படமாக்க நான் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அவளே குரல் கொடுத்தாள்.

மேட்டிலிருந்து மண் எடுக்கும் நாள் நெருங்கியது. கம்பெனி முதலாளியிடம் போய்ப் படத்தைக் காட்டினோம். அவர் அதை இரண்டாம் தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் கை வெக்காதீங்க. அது பறந்து போற வரைக்கும் அந்தாண்ட வெட்டிக்கோங்க" என்றார். படம் ஒரு கூட்டைக் காப்பாற்றிவிட்டது என்று நானும் நம்பினேன்.

ஆண்டு விழாவில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டோம். திரையில் பறவை பெரிதாக வந்து உட்கார்ந்தபோது ஊரே கைதட்டியது. அவளுடைய அம்மா முன்வரிசையில் நின்று தன் செல்போனில் அதை எடுத்தார். எடுத்ததை அன்றே ஸ்டேட்டஸில் வைத்தார். மகள் செய்ததை எந்தத் தாய்தான் வைக்காமல் இருப்பாள்? அதை யாரோ எடுத்து, கம்பெனி இருக்கும் இடத்தையும் சேர்த்து நெட்டில் போட்டுவிட்டார்கள்.

சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. மாலையில் நான் போனபோது முற்றம் முழுக்க பைக்குகள் நின்றன. நீளமான கேமராக்களோடு சிலர், செல்போனோடு பலர், தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். முதலாளி நல்ல எண்ணத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார். கூடு எங்கே என்று தெரியாமல் வந்தவர்களுக்கும் அந்தக் கயிறு இடத்தைக் காட்டிக் கொடுத்தது. அவள் கயிற்றுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, போயிடுங்க அண்ணா. நீங்க நின்னா அது உள்ள போவாது."

"ஒரே ஒரு போட்டோ பாப்பா, எடுத்துட்டுப் போயிடுறோம்."

ஒருவர் அவள் கையில் சாக்லேட்டைத் திணித்துவிட்டு அவளையும் சேர்த்துப் படம் எடுத்தார். நானும் கெஞ்சினேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் அந்தப் பறவையைப் பிடித்திருந்தது. கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் தும்பியைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தது. கூட்டைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. இருட்டுகிற நேரத்தில் அந்தத் தும்பியைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது.

அடுத்தடுத்த நாட்களிலும் ஆட்கள் வந்தார்கள். அம்மா ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார். "எனக்குத் தெரியாமப் போச்சிங்க டீச்சர்" என்று என்னிடம் அழுதார். எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? எடுக்கவும் வெட்டவும் ஒட்டவும் அனுப்பவும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தேன். எடுத்ததைக் காட்டாமல் வைத்துக்கொள்வதும் ஒரு பாடம் என்று ஆசிரியர் கையேட்டில் இல்லை, என் புத்தியிலும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் வகுப்புக்கு வந்தாள். நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். இந்த முறை ஃபேனைப் பார்க்கவில்லை.

"எறும்பு போவுது டீச்சர். ஓட்டைக்குள்ள சாரை சாரையா போவுது."

அவள் தோளில் கை வைத்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து நின்றாள். அதற்குப் பிறகு கம்பிக்குப் பஞ்சுருட்டான்கள் வரவில்லை. முதலாளி மேஸ்திரியை அந்தப் பக்க மண்ணையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பரீட்சை வந்தது. அவளுடைய படம் வட்டார அளவில் நடந்த கண்காட்சிக்குத் தேர்வானதாகச் சொன்னார்கள். அனுப்பவா என்று அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். நானும் அனுப்பவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பும் என்னிடமே வந்தது. விடுமுறையில் என்னென்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

"ஒண்ணு பாத்தேன் டீச்சர். முட்டை வெச்சிருக்குது."

அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துபோனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க? எங்க பாத்த?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"எங்கன்னு சொல்ல மாட்டேங்க டீச்சர்."

உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த பிள்ளையைக் கேட்டேன்.