அண்ணன் செத்த நாள் எது

அண்ணனின் பாதம் சூடாக இருந்தது. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐசியூவில், தலையில் கட்டோடு கிடந்தவனின் உள்ளங்காலைத் தேய்த்தேன். கட்டைவிரல் மெல்ல அசைந்தது. மிஷின் மூச்சு கொடுக்க, நெஞ்சு ஏறி இறங்கியது. முந்தின நாள் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு முடிந்து, என் கல்யாண வேலையாகச் சமையல்காரரைப் பார்க்கப் போனவன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். மறுநாள் காலையில் எனக்கு முகூர்த்தம்.

மூளை வேலை செய்கிறதா என்று டாக்டர்கள் சோதித்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள், காதில் குளிர்ந்த நீர் விட்டார்கள், மிஷினைக் கழற்றி, தானாக மூச்சு எடுக்கிறானா என்று காத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் கழித்து அதையே மறுபடி செய்தபோது அப்பாவை உள்ளே நிறுத்திக் காட்டினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் வந்ததும், "அண்ணன் இருக்கானாப்பா?" என்று கேட்டேன்.

"இருக்கான். கால் அசையுதுல்ல? நீ போயி மணவறையில உக்காரு. கல்யாணம் நின்னுச்சுன்னா எந்திரிச்சு வந்து என்னையத்தான் திட்டுவான்."

நம்பினேன். பெத்த அப்பா ஆயிற்றே! அரியலூர் மண்டபத்தில் அண்ணன் நின்று என் கையில் பொரி போட வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாலி ஏறியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா என் பட்டுப்புடவையை ஏற இறங்கப் பார்த்தார். மூளைச்சாவு என்று நேற்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டோமே, கால் அசைவது முதுகுத்தண்டால் வருவது, மூளையால் இல்லை என்றும் விளக்கினோமே என்றார். சொந்தக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று அப்பா அவகாசம் கேட்டிருக்கிறார். சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது, மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

"நெஞ்சு துடிச்சுக்கிட்டுதானம்மா இருந்துச்சு" என்றார் அப்பா. மறுநாள் மிஷினை நிறுத்தினார்கள்.

இப்போது பேரப்பிள்ளைகளிடம், உங்க அம்மா கழுத்துல தாலி ஏறினப்புறந்தான் மாமா கண்ண மூடுனான் என்று கதை சொல்கிறார். மிஷினை நிறுத்திய நாளில்தான் திதி கொடுக்கிறார். நான் போவதில்லை. என் அண்ணன் என் கல்யாணத்துக்கு முந்தின நாளே செத்துவிட்டான். வருஷா வருஷம் அன்றைக்கு நான் உலை வைப்பதில்லை. விடிந்தால் கல்யாண நாள் என்று என் வீட்டுக்காரர் மல்லிகைப் பூ வாங்கி வருகிறார். அவர் மேல் என்ன தப்பு? வாங்கி வைத்துக்கொள்கிறேன்.