தூரம் என்று நம்பின வெளிச்சம்

என்னுடைய ஒரே மகள் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து மிகத் தூரத்துப் பால்வெளிகளை ஆராய்கிறாள். பால்வெளி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம். சல்லி என்கிற எங்கள் மீன்பிடிக் கரையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் அவள் போனில் சொல்லித் தந்ததுதான். “இஞ்ச மாப்பிள்ளை இல்லையெண்டு மேல தேடுறாளோ?” என்று என் மச்சாள் கேட்பா.  மீனைத் துப்புரவாக்கிக்கொண்டு இருந்துவிடுவேன்.

மகள் வருசக்கணக்காக ஒரு சின்னச் சிவப்புப் பொட்டோடு மல்லுக்கட்டினாள். விண்வெளியில் நிற்கிற தொலைநோக்கி எடுத்த படத்தில், அது கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் தெரிந்ததாம். வெளிச்சம் நெடுந்தூரம் வர வர இழுபட்டு அப்படி மாறுமாம். ஆனபடியால் அது எல்லாவற்றிலும் தூரமானது, ஆதிகாலத்தது என்று நம்பினாள். உறுதியாகச் சொல்வதென்றால் அந்த வெளிச்சத்தை வானவில் மாதிரிப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கு அந்தத் தொலைநோக்கியில் நேரம் கேட்டுக் கேட்டு, கடைசியில்தான் கிடைத்தது. சரிவந்தால் நிரந்தர வேலை, பிறகு ஊருக்கு வாறன் என்றாள். தகப்பனின் திவசத்துக்கும் வர ஏலாமல் போன பிள்ளை. நான் அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தேன்.

ஒருநாள் போன் படத்தில் அவள் முகம் அழுது வீங்கிக் கிடந்தது.

“அம்மா, அது தூரமில்லையாம். கிட்டத்தானாம். தூசியாலதான் அப்படிச் சிவந்து தெரிஞ்சிருக்கு.”

கடலுக்குப் போன ஆளைப் பார்த்திருந்து பழகின வீடு எங்களுடையது. தோணி கிட்ட வந்திட்டுது என்று ஆராவது சொன்னால்தான் எங்களுக்கு மூச்சு வரும், தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்போம். கிட்ட என்று காதில் விழுந்ததும் என் வாய் முந்திவிட்டது.

“கிட்டவோ? அப்ப நல்லதுதானே பிள்ளை. வெள்ளிக்கிழமையே பொங்கிவிடுறன்.”

 அவள் மெல்ல விளங்கப்படுத்தினாள். கிட்ட இருக்கிறவை எத்தனையோ உண்டாம், அதைக் கண்டதற்கு ஒருவரும் வேலை தரமாட்டார்களாம். கையில் இருக்கிற வேலையும் வருசக் கடைசியோடு முடிகிறதாம். அப்படியென்றால் வீட்டுக்கு வாவன் என்றேன்.

“வந்து என்ன செய்யிறது அம்மா? அங்க எனக்கு என்ன இருக்கு?”

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னை நோகடிக்க நினைத்து அப்படிக் கேட்கவில்லை. நான் அவளின் நினைவிலேயே வரவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

பொங்குறன் என்று நான் போனில் சொன்னது காதில் விழுந்த மச்சாள், வெள்ளிக்கிழமை பானையோடு வந்து நின்றா. நேர்த்தி சரிவரவில்லை என்று நான் சொல்லவில்லை. உடம்பு ஏலாது என்று திருப்பி அனுப்பினேன்.

மகள் இப்போதும் போன் எடுக்கிறாள், ஆனால் படத்தை நிற்பாட்டிவிட்டுக் குரலில் மட்டும்தான் கதைக்கிறாள். சாப்பிட்டியா என்றால் ஓம் என்பாள். முகத்தை ஒருக்கால் காட்டு பிள்ளை என்று கேட்க ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். கேட்காமலே போனை வைத்துவிடுகிறேன்.