கிதாருக்கு நான் சுற்றிய காயில்

முப்பத்தோரு வருடம் பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் பார்த்தேன், எரிந்த மோட்டாருக்குப் புது ஒயர் சுற்றும் வேலை. கம்ப்ரஸர், பம்ப், லிஃப்ட் மோட்டார் என்று என் கைக்கு வராதது குறைவு. தலைகுனிந்து நின்றது ஒரே ஒரு வேலைக்குத்தான். அது மோட்டார்கூட இல்லை, ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார்.

எங்கள் ஷாப்பில் முடிந்த வேலையைச் சோதித்து பாஸ், ஃபெயில் சொல்லும் டெஸ்டிங் பெஞ்சில் இருந்தவள் ஸ்டெல்லா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வருவாள். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாகச் சாதா கிதார் வாசிப்பவள். எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நகருக்குள் ஆஸ்டின் டவுன் ஏரியாவில் ஒருவர் வீடு மாறுகிறார், கிதாரை விற்கிறார் என்று தெரிந்ததும் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் மல்டிமீட்டரோடு போனேன்.

"சார், இது கிதாரு. பம்ப்செட் இல்ல" என்று விற்பவர் சிரித்தார்.

அவர் சிரித்தால் சிரிக்கட்டும். கிதார் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று இரண்டு இருந்தன. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய ஒயர், ஆயிரக்கணக்கான சுற்று. அதாவது காயில். நம்ம சங்கதிதான் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மீட்டரை வைத்தேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் சரி. இன்னொன்று ஓப்பன், உள்ளே எங்கோ ஒயர் அறுந்திருந்தது.

"வேணாம்மா. ஒண்ணு செத்துப்போச்சு" என்றேன்.

ஸ்டெல்லா காதில் வாங்கவில்லை. கிதாரின் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தாள். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் ஒவ்வொன்றிலும் விரல் வைத்து வாசித்தாள். பெயிண்ட் போய் மரம் தெரிந்த இடத்தைத் தடவினாள்.

"யாரோ நல்லா வாசிச்சிக்கறாங்கண்ணா. சும்மா மாட்டி வெச்சதில்ல."

பிறகு ஆம்ப்ளிஃபயரில் செருகி, வேலை செய்த பிக்கப்பில் மெதுவாக வாசித்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

"கேட்டீங்களாண்ணா? பக்கத்துல ஒக்காந்து ஒரு ஆளு பேசற மாதிரி கீது. எனக்கு இதான் வேணும். செத்தத மட்டும் நீங்க சுத்திக் குடுத்துடுங்க."

எனக்கு எல்லாக் கிதாரும் ஒரே சத்தம்தான். தலையாட்டி வைத்தேன்.

ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒயர் அங்கும் இங்குமாக, புதிதாக வேலைக்கு வந்தவன் சுற்றியதுபோல் கிடந்தது. கழுத்துப் பக்கத்ததும் அதே லட்சணம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரில் ஒரு காயில் எரிந்தாலும் செட்டையே உருவிப் புதிதாகச் சுற்றுவோம். பழையதை நம்பி விட்டால் மறுபடியும் நம் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் இரண்டையும் அறுத்தேன். ரிலே காயிலுக்கு வைத்திருந்த மெல்லிய ஒயரை எடுத்து, மெஷினில் வரி வரியாக, இழை பிசகாமல் சுற்றினேன். இடம் மிஞ்சியது, சில நூறு சுற்று கூடுதலாகவே போட்டேன். வார்னிஷும் பூசினேன்.

மறுநாள் ஸ்டெல்லா ஒரு கம்பியை மீட்டினாள். நிறுத்தினாள். மறுபடி மீட்டினாள்.

"கழுத்துப் பக்கத்தத எதுக்குண்ணா தொட்டீங்க?"

"மீட்டர்ல பாரும்மா, ரெண்டும் அச்சு அசலா ஒரே ரீடிங்."

"மீட்டரையா நான் வாசிக்கப் போறேன்? போர்வைய போத்திக்கினு பேசற மாதிரி கீது."

அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கழிவுச் செம்பு மூட்டையைக் கவிழ்த்துப் பழைய ஒயரைத் தேடினேன். கிடைத்தாலும் அறுத்த ஒயரை என்ன செய்வது? ஒரு வாரம் என்னிடம் அவள் பேசியது "பாஸ்", "ஃபெயில்" இரண்டு வார்த்தைதான்.

நானே போய், "இன்னொரு தடவை குடும்மா" என்று கேட்டேன். இந்த முறை மெஷினைத் தொடவில்லை. சுற்றைக் குறைத்து, ஒயரை அதன் போக்கில் அலையவிட்டு, கையாலேயே சுற்றினேன். வரி வரியாக நெருக்கிச் சுற்றுவது மோட்டாருக்கு அழகு, பிக்கப்புக்கு அது மூச்சுமுட்டல் என்று அப்போதுதான் புரிந்தது. மதிய இடைவேளைகளில் மூன்று தடவை சுற்றி, மூன்று தடவை அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மூன்றாவது தடவை நீண்ட நேரம் வாசித்தாள்.

"அது இல்லண்ணா. அது போயிடுச்சு" என்றாள். பிறகு, "ஆனா இதுவும் நல்லாத்தான் கீது. பழகிக்கறேன்."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் என் காதுக்கும் வித்தியாசம் கேட்கத் தொடங்கியிருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

வேலைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதும் எங்கள் ஜாப் கார்டில் 'என்ன கோளாறு' என்று ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. முதலாளியிடம் சொல்லி அதற்கு மேலே இன்னொரு கட்டம் போடவைத்தேன்: 'எது நன்றாக இருக்கிறது'. வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதைக் காலியாக விட்டால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

புதிதாக அச்சாகி வந்த முதல் கார்டை நான்தான் எடுத்தேன். ஸ்டெல்லாவின் பெயரையும் கிதார் முதன்முதலில் ஷாப்புக்கு வந்த தேதியையும் எழுதி, அந்தக் கட்டத்தை நிரப்பினேன்: கழுத்துப் பக்கப் பிக்கப். ஆள் பேசுவதுபோல் சத்தம். தொடக் கூடாது.