மாமா போட்ட ஆல்பம்

ஸ்டுடியோவில் ஆல்பம் போடப்போகிறோம் என்று மாமா சொன்னதும் அம்மா செய்த முதல் வேலை, அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்ததுதான். எங்கள் உவரியில் ஸ்டுடியோ என்றால் போட்டோ. ஆல்பம் என்றால் கல்யாணம். பெண் வீட்டாருக்குக் காட்டத் தம்பி படம் எடுக்கப் போகிறான், இனியாவது இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்கும் ஒரு படம் எடுக்கட்டுமென்று ஈஸ்டருக்குத் தைத்த கவுனை மாட்டி, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, என்னையும் கூட அனுப்பினாள். அப்போது எனக்கு ஆறு வயது.

அப்பா கடலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரும் மாமாவும் போன வள்ளம் கவிழ்ந்து, மாமா மட்டும் திரும்பினார். அப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் என்ன நடந்தது என்று அம்மா கேட்காத நாளில்லை. "அலை கொண்டு போயிட்டு அக்கா, வேற ஒண்ணும் தெரியல" என்பதற்கு மேல் மாமாவின் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அவர் பிறகு கடலுக்கும் போகவில்லை. கல்லூரியில் கூடப் படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பங்க் ராக் பாட்டு என்று கத்த ஆரம்பித்தார். "வயித்துவலி வந்தவன் கணக்கா கத்துதான், இதுக்குப் பேரு பாட்டாலே?" என்று தெருவில் கேலி பேசினார்கள்.

பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் கேமராவும் இல்லை, குடை விளக்கும் இல்லை. சுவரெல்லாம் பஞ்சுத் திண்டு. ஞானப் பாடல்களும் ஜவுளிக்கடை விளம்பரமும் பதிவு செய்து பழகிய ஸ்டுடியோக்காரர், மாமா வாயைத் திறந்ததும் ஹெட்போனைக் கழற்றி எறியாத குறைதான்.

"பைய பாடும்வே, மைக்கு பிஞ்சிரப் போவுது!"

மாமா பையப் பாடவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வார்த்தை நின்றுபோய் வெறும் கத்தல்தான் வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றார்கள் கூட்டாளிகள். கவுனும் பவுடருமாக மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சாயங்காலத்துக்குள் பாட்டு மனப்பாடம்.

ஊர் திரும்பியதும் மாமா தெருவிலேயே நின்று கூட்டாளிகளிடம் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளே ஓடினேன். அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, படம் எடுத்தாச்சா?"

"படம் இல்லம்மா, பாட்டு" என்று மாமா மாதிரியே குதித்துக் குதித்துப் பாடினேன்.

"கையை விட்டேன் மச்சான், கையை விட்டேன். உன் விரல் நழுவல, நான்தான் விட்டேன்."

அம்மாவின் கை நின்றது. இன்னொரு தடவை பாடச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவே கேலி செய்யும் பாட்டு அம்மாவுக்குப் பிடித்துவிட்டதே!

"அடுத்த வரி என்னட்டி?"

"அதுக்கு மேல வார்த்தை கெடையாதும்மா. மாமா கத்துவாவ, அவ்வளவுதான்."

"எப்படிக் கத்துவான்?"

கண்ணை மூடி, தொண்டை கிழியக் கத்திக் காட்டினேன். கண்ணைத் திறந்தபோது மாமா வாசலில் நின்றிருந்தார். அம்மா அவரைத் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். அதற்காகத்தான் அவரும் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது.

"சோறு இருக்கு. தின்னுட்டுப் போ" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் யாரையும் வெறுமனே 'போ' என்று சொல்ல மாட்டார்கள். 'போயிட்டு வா' என்பார்கள். மாமாவுக்கு அது விளங்கிவிட்டது. சாப்பிடாமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர்தான், எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது. ஆல்பத்தைக் கூட்டாளிகள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள், கேட்பார் இல்லை. அம்மா அதன்பின் அப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவள் தேடிய பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எப்படி உயிர் வாழ்வது என்றுதான் இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே புரிந்தது? அவ்வளவு நன்றாகக் கத்திக் காட்டியும் இரண்டு பேரில் ஒருவர்கூடக் கைதட்டவில்லையே என்று தரையில் புரண்டு அழுதேன்.