நான்கு நிறத்தில் என் முகம்

என் நாத்தனார் சென்னையில் டிசைன் படித்தவள். சிதம்பரத்தில் நடக்கவிருந்த தன் கல்யாண வரவேற்புக்குத் தானே மண்டபத்தை அலங்கரிக்கப் போவதாகச் சொன்னாள். வாசலில் பூவுக்குப் பதில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு பாப் ஆர்ட் படம்.

கடலூர் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். "ரெண்டாவது உலகப் போருக்கு அப்புறம் இங்கிலாந்துல ஆரம்பிச்சது அண்ணி. அமெரிக்காவுல ஜாஸ்தியாப் பரவிச்சு. சாமி, ராஜான்னு வரையறத வுட்டுட்டு சூப்பு டப்பா, சோப்பு வெளம்பரம், காமிக்ஸ்னு கடையில கெடக்கறதயே வரைஞ்சாங்க. அடிக்கிற கலரு, தடியான கருப்புக் கோடு, ஒரே படம் திரும்பத் திரும்ப. மலிவா அச்சடிச்ச புக்குல புள்ளி புள்ளியாத் தெரியுமே, அதயும் பெருசாப் போடுவாங்க."

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பவுடரைக் கழுவிவிட்டு ஜன்னலோரம் நிற்கச் சொன்னாள். சந்தோஷமாக நின்றேன். போனை முகத்துக்கு வெகு அருகில் வைத்துப் படம் எடுத்தாள்.

சின்ன வயதில் வந்த அம்மை என் முகமெங்கும் தழும்பு விட்டிருக்கிறது.

வரவேற்பன்று வாசல் படத்தில் மாமியார் ரோஸ் நிறத்தில் இளமையாக இருந்தார். என் கணவருக்கு நீலக் கண்ணாடி. எனக்கு மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று நான்கு கட்டத்திலும் முகம். மற்றவர்களுக்குப் பின்னணியில் இருந்த புள்ளிகள் எனக்கு மட்டும் கன்னத்தில், நெற்றியில். தழும்புக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

மாப்பிள்ளையின் நண்பர்கள் முகத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு என் படத்தின் முன் நின்றார்கள். ஒருவர் என்னிடமே போனை நீட்டி போட்டோ எடுத்துத் தரச் சொன்னார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். "சாரிங்க" என்றார், சிரிப்பு அடங்காமல்.

"அத எடுக்கச் சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

"கல்யாணப் பொண்ணு மனசு நோவக் கூடாது. போயி பந்தியப் பாரு."

மேடையேறி நாத்தனாரிடமே கேட்டேன். வந்தவர்களைக் கும்பிட்டபடியே சொன்னாள்: "தழும்பு இல்லன்னா அது படமே இல்ல அண்ணி. ஒங்ககிட்ட வேற என்னா இருக்கு?"

மாமியார் அந்தப் படத்தைக் கடலூருக்குக் கொண்டுவந்து ஹாலில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு மத்தியானம் கழற்றி, மீன் நறுக்கும் அரிவாள்மனையில் வைத்து நான்கு முகத்தையும் கிழித்தேன். மாமியார் என்னைத் திட்டவில்லை. மகளுக்குப் போன் போட்டு, எனக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கிழிச்சா கிழிச்சுட்டுப் போறாங்கம்மா. ஃபைல் எங்கிட்டதான் இருக்கு, எத்தன வேணும்னாலும் போட்டுக்கலாம். இந்த வாட்டி இன்னும் பெருசா அனுப்பறேன்."

அனுப்பினாள். என் கணவர்தான் ஆணி அடித்தார்.