பங்குக் கிணற்றுக்கு நாங்கள் வழங்கிய நீதி

தபால் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் என்னை எங்கள் ஊர் இணக்க சபையில் உறுப்பினராகப் போட்டார்கள். சம்பளம் இல்லை, மரியாதை உண்டு. சண்டைகள் வழக்காகிக் கோட்டுக்குப் போகுமுன் சமாதானம் செய்துவைப்பதுதான் வேலை. முதல் நாளே ஒரு கிணறு வந்து சேர்ந்தது.

தோட்டக் கிணறு. பரமசிவத்துக்கும் தங்கை யோகத்துக்கும் பங்கு. யோகத்தின் கணவர் இறந்துவிட்டார். வெங்காயம் வைத்துத்தான் சீவியம். பரமசிவமோ தண்ணீர் இறைக்கும் மிசினைப் பூட்டினால் கிணற்றின் அடிமண் தெரியும்வரை நிறுத்தமாட்டார்.

“எனக்குத் தோட்டம் பெரிசு. கூடின காணிக்குக் கூடின தண்ணி. உதுதானே நியாயம்?” என்றார்.

“எனக்குச் சீதனமா எழுதித் தந்த உறுதியிலையும் கிணத்துப் பங்கு இருக்கு. வெங்காயம் வாடுது, ஐயா,” என்றார் யோகம்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். நியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“நியாயம் எண்டால் என்ன? சமனாப் பிரிக்கிறதோ, தேவைக்குப் பிரிக்கிறதோ, காணிக்குப் பிரிக்கிறதோ? முதல் அதைத் தீர்மானிப்பம்.”

அன்று தீர்மானிக்கவில்லை. அடுத்த அமர்விலும் இல்லை. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“ஆருக்கு முதல் முறை எண்டு தெரியாமல் ரண்டுபேரும் தண்ணி பிரிக்கச் சட்டம் போடுங்கோ. பிறகு சீட்டுக் குலுக்குவம்.”

நல்ல யோசனைதான். பாதிப் பாதி நேரம் இறைப்பது என்று இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். சீட்டில் முதல் முறை தங்கைக்கு விழுந்தது.

“உது சரிவராது. திருப்பிக் குலுக்குங்கோ,” என்றார் பரமசிவம்.

திருப்பிக் குலுக்குவது நீதியாகுமா என்று ஆராய இன்னோர் அமர்வு ஒதுக்கப்பட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முடிவு வருமட்டும் அந்தப் பிள்ளை யோகத்தையும் இறைக்க விடுங்கோவன்,” என்றேன்.

“முடிவுக்கு முதல் விட்டால் பக்கச்சார்பு,” என்றார் தலைவர். பரமசிவம் தினமும் இறைத்துக்கொண்டிருந்தது மட்டும் யாருக்கும் பக்கச்சார்பாகப் படவில்லை.

மாரி வந்தது. கிணறு வாய்முட்ட நிரம்பியது. அடுத்த அமர்வுக்குப் பரமசிவம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“நீயே முதல் இறை, தங்கச்சி. சகோதரத்துக்குள்ளை என்ன சண்டை!”

தலைவர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். சபைக்கு ஒரு வெற்றி.

“என்னத்துக்கு இறைக்கிறது, அண்ணை?” என்றார் யோகம். “வெங்காயம் அப்பவே கருகிப்போச்சு. இப்ப தோட்டம் முழுக்க வெள்ளம்.”

தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

புதிதாக அந்தச் சபைக் கதிரைகளில் வந்து அமர்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீதி என்றால் என்னவென்று ஆசைதீர வாதாடுங்கள். ஆனால் நீங்கள் வாதாடும் நேரத்தில் மிசின் யாருடைய தோட்டத்துக்கு ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.